மிலானில், விசுவாச மந்திரம் சொன்ன தொட்டியருகே

பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று நேர்ந்துகொண்டு மிலான் பேராலயத்துக்குப் போகிறவர்கள், மேலே பீடத்தையும் கண்ணாடிச் சித்திரங்களையும் பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே தரைக்கடியில் உள்ள தொல்லியல் பகுதியும் அதில் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சதுக்கத்தில் கையில் கயிறு கட்டிவிட்டுக் காசு கேட்பவர்கள், புறாவுக்கு மக்காச்சோளத்தைத் திணிப்பவர்கள் என்று பெருந்தொல்லை. கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடப்பதே நல்லது.

படியிறங்கினால் எண்கோணத் தொட்டி. 387-ஆம் ஆண்டு பாஸ்கு (ஈஸ்டர்) இரவில் புனித அகுஸ்தினார், மகன் அதெயோதாத்துவோடும் நண்பர் அலிப்பியுவோடும், ஆயர் அம்புரோசியார் கையால் முழுக்குப் பெற்ற இடம். வாரம் ஏழு நாள். எட்டாவது உயிர்ப்பின் நாள். எட்டு மூலைக்குக் காரணம் அதுதான்.

கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிடும் செபம் விசுவாச மந்திரம். இங்கே நின்றால்தான் அது ஏன் மூன்று பகுதி என்பது விளங்கும். பிதாவை விசுவசிக்கிறாயா? "விசுவசிக்கிறேன்." ஒரு முழுக்கு. சுதனையும் அவர் சிலுவையையும்? இன்னொன்று. பரிசுத்த ஆவியை? மூன்றாவது. மந்திரம் வளர்ந்தது இந்தக் கேள்வி பதிலிலிருந்து. பாஸ்குவுக்கு முன் ஆயர் அதை வாய்மொழியாகவே ஒப்படைப்பார். எழுதக் கூடாது, எழுதி வைத்தால் நெஞ்சில் தங்காது என்பார் அம்புரோசியார். மனப்பாடம் செய்து திருப்பிச் சொல்ல வேண்டும். உரோமையில் இதைச் சபை நடுவே மேடையேறிச் சொல்வார்கள். விக்தொரினு என்ற முதிய பேராசிரியருக்கு, கூச்சமிருந்தால் தனியாகச் சொல்லலாம் என்று சலுகை கொடுத்தார்கள். மறுத்து, எல்லார் முன்னும் உரக்கச் சொன்னார்.

பன்னிரண்டு அப்போஸ்தலரும் ஆளுக்கொரு வரி சொன்னார்கள் என்று வழிகாட்டிகள் கதை விடுவார்கள். பழைய பக்திக் கதை, அவ்வளவே. இன்று மந்திரத்தில் வரும் "பாதாளத்தில் இறங்கி" என்ற வரி பழைய உரோமை வாசகத்தில் இல்லை. வட இத்தாலியின் அக்குயிலேயா சபையில் இருந்ததை ருபீனு என்ற எழுத்தாளர் சுமார் 404-இல் குறித்திருக்கிறார். ஞாயிறு பூசையில் சொல்லும் நீளமான வாசகம் வேறு: 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் தொடங்கி 381-இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கத்தில் நிறைவடைந்தது.

கம்பியருகே கூட்டம் தள்ளும். ஓரமாக ஒதுங்கி, மூன்று இடத்தில் மூச்சு நிறுத்தி மந்திரத்தைச் சொல்லுங்கள். லத்தீனில் 'விசுவசிக்கிறேன்' என்பது முதல் சொல். நம் தமிழில் அது வாக்கியத்தின் கடைசியில் வரும். தண்ணீருக்குள் நின்றவன் கேள்வியை முழுக்கக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னது போலவே. ஆண்டவருக்குத் தோத்திரம், தமிழிலும் அது வந்து சேர்ந்ததே!