பூ வரத்து ஷீட்: நேர முத்திரை ஒருவழியாக நிலைத்தது

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைக்கான வரத்து ஷீட்டில், எடையை அடித்ததும் நேரம் தானாக விழுகிறது. விழுந்த நேரம் அப்புறம் அசைவதும் இல்லை. மூன்றாவது முறையில்தான் இது கைகூடியது.

மல்லிக்கு நேரம்தான் கணக்கு. உசிலம்பட்டிப் பக்கமிருந்து விடிவதற்குள் வந்த மூட்டைக்கு ஒரு விலை, எட்டு மணிக்கு வந்ததற்கு வேறு விலை. ஒரே விவசாயியின் இரண்டு மூட்டைக்கே இரண்டு விலை போட வேண்டிவரும். ஏ-யில் விவசாயி எண், பி-யில் எடை, சி-யில் விலை, டி-யில் வந்த நேரம், இ-யில் திருத்திய நேரம்: ஷீட் இவ்வளவுதான்.

இப்போதைய நேரத்தைக் காட்டும் நவ் (NOW) ஃபார்முலாவைப் பற்றி நீட்ட வேண்டாம். அது கடிகாரம், முத்திரை இல்லை. ஷீட்டில் எங்கே கை வைத்தாலும் எல்லா வரிசையும் அந்த நிமிடத்துக்கு மாறிவிடும். எக்செலில் கண்ட்ரோல்–செமிகோலன் தேதியையும், கண்ட்ரோல்–ஷிஃப்ட்–செமிகோலன் நேரத்தையும் நிலையாகப் போடும். ஆனால் ஒரு கையில் தராசுச் சீட்டை வைத்துக்கொண்டு மூன்று விசை அழுத்த யாருக்கும் பொறுமை கிடையாது. நொடியும் பதிவாகாது.

அடுத்தது எக்செலில் சுற்று ஃபார்முலா, அதாவது தான் இருக்கும் செல்லையே திரும்பப் பார்ப்பது: பி2 காலி என்றால் டி2-வும் காலி; பி2-வில் எடை இருந்து டி2 காலியாக இருந்தால் நவ், இல்லையென்றால் டி2-வில் இருப்பதே இருக்கட்டும். இப்படிச் சுற்றுவதை அனுமதிக்கும் இட்டரேட்டிவ் கால்குலேஷனை ஆன் செய்து, சுற்று எண்ணிக்கையை 1 ஆக்கினால் அழகாக ஓடும், ஒரே ஒரு கணினியில். அந்த அமைப்பை எக்செல் முதலில் திறந்த ஃபைலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காலையில் யாராவது வேறு ஃபைலை முதலில் திறந்துவிட்டால் எச்சரிக்கை வரும், புது வரிசையில் பூஜ்யம் விழும். தேதி ஃபார்மட்டில் அது 1900 ஜனவரி 0. மேக்ரோவும் (எக்செலுக்குள் எழுதும் சிறு நிரல்) செய்யலாம்தான். ஆனால் முத்திரை விழுந்ததும் அன்டூ போய்விடும்; ஈவென்ட்டை (மாற்றம் நடந்ததைச் சொல்லும் அறிவிப்பை) நிறுத்திவைத்த இடத்தில் பிழை வந்தால், திரும்ப ஆன் செய்யும்வரை மேக்ரோ வாயே திறக்காது.

அதனால் கூகுள் ஷீட்ஸ், அதற்குள் நிரல் எழுத ஆப்ஸ் ஸ்கிரிப்ட். ஆன்எடிட் என்ற பெயரில் ஃபங்ஷன் எழுதினால், கையால் மாற்றம் நடக்கும்போதெல்லாம் தானாக ஓடும். எடிட்டரில் ரன் பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். ஈவென்ட் இல்லாமல் ஓடுவதால் ‘ரேஞ்ச் (மாறிய செல்கள்) இல்லை’ என்று பிழை காட்டும். ஸ்கிரிப்டில் கோளாறு இல்லை.

படுத்தி எடுத்த இடம், ஒட்டுவது. ஒவ்வொரு எடையாக அடித்தால் ஒரு குறையும் இல்லை. கூட்டம் மொய்க்கும்போது வேறு ஷீட்டில் அடித்து வைத்த பன்னிரண்டு வரிசையை மொத்தமாக ஒட்டினால் ஒன்றில்கூட நேரம் விழாது. காரணம் இரண்டு. பல செல் ஒட்டும்போது ஈவென்ட்டில் வரும் ‘வேல்யூ’ வெறுமையாக இருக்கும்; அதை நம்பி நிபந்தனை போட்டால் அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது இதைவிட வில்லங்கம். ‘மாறிய நெடுவரிசை 2-ஆ’ என்றுதான் எல்லாரும் சோதிக்கிறார்கள். ஏ முதல் சி வரை சேர்த்து ஒட்டினால் ரேஞ்சின் தொடக்க நெடுவரிசை 1; நிபந்தனை பொய்யாகிவிடும். ‘தொடக்கம் 2 அல்லது அதற்குக் கீழ், கடைசி 2 அல்லது அதற்கு மேல்’ என்று சோதித்தால் பி எங்கே மாட்டினாலும் பிடித்துவிடும்.

பிறகு ரேஞ்சின் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை சுற்ற வேண்டும். முதல் வரிசை 1 என்றால் 2 ஆக்க வேண்டும், இல்லையென்றால் தலைப்பு மேலேயே முத்திரை விழும். பி, டி, இ மூன்றின் மதிப்பையும் ஒரே தடவையில் படித்து, ஒரே தடவையில் டி, இ-யில் எழுதுவது நல்லது. செல் செல்லாக எழுதினால் நூறு வரிசையில் இழுக்கும். இப்படித் தானாக ஓடும் சாதாரண ஆன்எடிட் டிரிக்கருக்கு 30 நொடிதான் கெடு. டி காலியாக இருந்தால் மட்டும் அங்கே நேரம், ஏற்கெனவே இருந்தால் இ-யில். 3.2 கிலோ பின்னால் 3.7 ஆனால் அது எத்தனை மணிக்கு நடந்தது என்பது இ-யில் தெரியும். ‘வரத்து’ தாளா என்ற சோதனையை முதல் வரியிலேயே வையுங்கள். மற்ற தாளில் ஒருவர் எண்ணை மாற்றினாலும் ஃபங்ஷன் ஓடத்தான் செய்யும்.

நேர மண்டலத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஷீட் அமெரிக்காவின் பசிபிக் நேரத்தில் இருந்தால், அங்கே கோடையில் காலை 5:40-க்கு வந்த பூ முந்தைய நாள் மாலை 5:10 என்று பதிவாகும். பன்னிரண்டரை மணி வித்தியாசம். செட்டிங்ஸில் கொல்கத்தா என்று மாற்றினால் இனி வருவது சரியாகும், பழையவை அப்படியே நிற்கும். பக்கத்து நெடுவரிசையில் பழைய நேரத்தோடு 12.5/24 கூட்டி, மதிப்பை மட்டும் டி-யில் ஒட்ட வேண்டும். நேரத்தை எழுத்தாக மாற்றி எழுதாமல் தேதியாகவே எழுதி, ஃபார்மட்டை ஷீட்டிலேயே கொடுங்கள். எழுத்தாக இருந்தால் ‘ஏழு மணிக்கு முன் வந்தது எவ்வளவு’ என்று கூட்டிப் பார்க்க முடியாது.

போனில் ஷீட்ஸ் ஆப்பிலும் முத்திரை விழுகிறது. ஆனால் ஸ்கிரிப்ட் ஓடுவது கூகுளின் சர்வரில். ஷெட்டுக்குள் சிக்னல் போன நேரத்தில் அடித்த எடைக்கு அடித்த நேரம் கிடைக்காது. கடைக்குள் வைஃபை இல்லாமல் போனை நம்பாதீர்கள்.

இடையில் ஒரு ஆசை: விவசாயிக்கு கியூஆர் அட்டை, மேஜையில் யூஎஸ்பி ஸ்கேனர். ஸ்கேனர் கீபோர்டு மாதிரிதான் நடந்துகொள்ளும், எண்ணை அடித்து எண்டர் தட்டும். வாங்கும்போது எண்டருக்குப் பதில் டேப் அனுப்ப மாற்ற முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் கர்சர் கீழே போகாமல் எடைக்கு நகரும். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் விசாரிக்க வேண்டும். தனி எண் விசைப்பலகையும் ஒன்று.

அதற்கு முன்னால் முடிக்க வேண்டியது பூட்டு. டி, இ இரண்டையும் கடைப் பையன்கள் கை வைக்க முடியாதபடி பாதுகாத்தால் முத்திரையும் நின்றுவிடுகிறது, ஏனென்றால் சாதாரண ஆன்எடிட் தட்டச்சு செய்பவரின் உரிமையில்தான் ஓடும். ஃபங்ஷனுக்கு வேறு பெயர் வைத்து, டிரிக்கர்ஸ் பக்கத்தில் ஷீட்டின் உரிமையாளர் கணக்கிலிருந்து ‘எடிட் செய்யும்போது’ என்று சேர்த்தால் உரிமையாளரின் பெயரில் ஓடும், பூட்டும் இருக்கும். பெயரை மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு எடைக்கும் இரண்டு தடவை ஓடும்; டி, இ-யில் எழுத உரிமை உள்ளவர் அடித்தால் புது வரிசையிலேயே இ-யிலும் நேரம் விழுந்து நிற்கலாம்.