நீலாம்பரி வரத் தாமதமாகும்

'படையப்பா' மறுவெளியீடு என்று செய்தி வந்த அன்றே எங்கள் டர்பன் வாட்ஸப் குழு விழித்துக்கொண்டது. அதுவரை பிறந்தநாள் வாழ்த்தும் வீடு வாடகைக்கு விளம்பரமும் மட்டுமே வந்துகொண்டிருந்த குழு அது. 1999-இல் வந்த படம், ரஜினிக்கு 75 வயது நிறைவதை ஒட்டி 2025 டிசம்பர் 12 அன்று தமிழ்நாட்டில் மறுபடி தியேட்டருக்கு வருகிறது. சரி, தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நாம் என்ன செய்வது? துறைமுகத்தில் வேலை பார்க்கும் மதுரை அண்ணன் ஒருவர், "ஆள் சேருங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். எப்படியோ பேசி, வெளியீட்டுக்கு மறுநாள் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஓர் அரங்கை ஒரே ஒரு காட்சிக்குப் பிடித்துவிட்டார்.

அரங்கத்தார் நிபந்தனைகளும் அனுப்பியிருந்தார்கள். தேங்காய் உடைக்கக் கூடாது. சூடம் கூடாது. காகிதம் கிழித்து வீசக் கூடாது. வீசினால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். "அப்புறம் எதுக்கு ரஜினி படம்?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

பழைய படத்தை மறுபடி தியேட்டரில் பார்க்கப் போகிறவன் படம் பார்க்கவா போகிறான்? கதை தெரியும், வசனம் தெரியும், எந்த இடத்தில் இடைவேளை விடுவார்கள் என்பதும் தெரியும். 2012-இல் 'கர்ணன்' டிஜிட்டலாகி வந்தபோதும், 2024-இல் 'கில்லி' வந்தபோதும் ஊரில் கூட்டம் கூடியது கதை தெரியாமலா? வீட்டில் தனியாகச் சொல்லும் வசனத்தை நூறு பேரோடு சேர்ந்து சொல்ல ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை இது நிரூபணமே ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்துத் தெரு அங்கிளையும் கூட்டிப்போனேன். டர்பனை ஒட்டிய இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்தில் நெடுநாள் இருந்தவர், எண்பதை நெருங்குகிறார். கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவராம். அங்கிளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் சிவாஜி பாட்டு என்றால் ஒரு சொல் பிசகாது. படத்துக்கு வருகிறீர்களா என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"சிவாஜி இருக்காரா?"

"இருக்காரு அங்கிள். ஹீரோவுக்கு அப்பாவா வர்றாரு."

"ஹீரோ யாரு?"

"ரஜினி."

"பரவாயில்ல, வர்றேன்."

டிசம்பர் டர்பன் வெக்கையில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அந்தக் காலத்தில் அப்படித்தானாம். வெள்ளைக்காரர் தியேட்டருக்குள் இந்தியர்கள் கால் வைக்கச் சட்டம் விடாது. ஆகவே கிரே ஸ்ட்ரீட் வட்டாரத்து ஷா ஜஹான், அவலான், ராஜ் இவைதான் நம்மவர்களுக்கு எல்லாமே. கல்யாணத்துக்குப் போவது போல உடுத்திக்கொண்டு குடும்பத்தோடு போவார்களாம். பிறகு இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த சட்டம் நகருக்குள் இருந்த நம்மவர்களைச் சாட்ஸ்வர்த்துக்குத் தள்ளியது. படம் முடியுமுன் கடைசி பஸ் போய்விடுமோ என்ற பயத்தில் பார்த்த கிளைமாக்ஸ்கள் தமக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் என்றார். கார் நிறுத்துமிடம் வரும்வரை எனக்கு இதுதான் டிரெய்லர்.

அரங்கின் முன்கூடத்தில் பாப்கார்ன் வாசனை. இந்த ஊரில் பாப்கார்ன் மேல் தூவிக்கொள்ள விதவிதமாகப் பொடி வைத்திருப்பார்கள். வினிகர் உப்புப் பொடியை எடுத்து, ஓர் அம்மா கைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்த முறுக்கின் மேல் தூவினார் அங்கிள். நன்றாகவே இருந்தது.

மணி 6 ஆனது. விளக்கு அணைந்தது. விசில் பறந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. திரும்ப விளக்கு வந்தது.

மதுரை அண்ணன் வியர்த்துப்போய் மேடையேறினார். இப்போது படம் பெட்டியில் வருவதில்லை. பூட்டிய டிஜிட்டல் கோப்பாக வருகிறது. அதைத் திறக்கத் தனியாக ஒரு சாவி, கேடிஎம் என்பார்கள், மெயிலில் வரும். அந்தச் சாவி குறிப்பிட்ட அரங்கின் கருவியில், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டுமே வேலை செய்யும். எங்கள் சாவியில் இரவு 9 மணி வரை செல்லும் என்று போட்டிருந்தது. அது இந்திய நேரம். நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். டர்பனில் மாலை 5.30-க்கே சாவி செத்துவிட்டது.

"புதுச் சாவி கேட்டிருக்கேன். அனுப்ப வேண்டிய சென்னைக்காரருக்கு போன் போட்டா அவங்க வீட்டம்மா எடுத்து, 'அவரு தூங்கிட்டாரே'ன்னாங்க."

"எழுப்பச் சொல்லுங்க!" என்று அரங்கமே கத்தியது.

எழுப்பும்வரை என்ன செய்வது? பின்வரிசையிலிருந்து யாரோ ரஜினியின் ஒரு வசனத்தை எடுத்துவிட்டார். முன்வரிசை அடுத்த வரியைச் சொன்னது. ஐந்து நிமிடத்தில் படம் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. பின்னணி இசைக்குச் சின்னப் பையன்கள். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டராக இருக்கும் அக்கா ஒருவர் எழுந்து, துப்பட்டாவைச் சரிசெய்து, ஒரு புருவத்தைத் தூக்கினார். அவ்வளவுதான், படத்தின் வில்லி நீலாம்பரி வந்துவிட்டாள். இத்தனை நாள் அந்த அக்காவிடம் எவ்வளவு சாதாரணமாகப் பேசியிருக்கிறோம் என்று எனக்கு உள்ளூர உதறியது.

ஊஞ்சல் காட்சிக்கு வந்தார்கள். உட்கார நாற்காலி கொடுக்காமல் நீலாம்பரி அவமானப்படுத்துவாள். படையப்பா துண்டை வீசி, மேலே கிடக்கும் ஊஞ்சலை இறக்கி உட்காருவார். உலகத்திலேயே நாற்காலி அதிகமாக இருக்கும் இடம் தியேட்டர். அதில் நாற்காலி இல்லாததுபோல நடிக்க வேண்டும். ஊஞ்சலும் கிடையாது. கணினித் துறைத் தம்பி ஒருவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மேலே பார்த்து, ஒரே வீசு. துண்டு போய் வெளியேறும் வழி என்று பச்சையாக எரியும் பலகையில் மாட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த ஜூலு பணிப்பெண், "ஹைபோ!" என்று அவன் மேல் டார்ச் அடித்தார். அதட்டத்தான் அடித்திருப்பார். வெளிச்சம் சரியாக அவன் முகத்தில் விழவே, ஸ்பாட்லைட் என்று நினைத்து அரங்கம் அதிர்ந்தது. இரண்டு நண்பர்கள் கைகோத்து ஊஞ்சலாக நிற்க, அவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். பணிப்பெண் டார்ச்சை அணைக்கவில்லை. கடைசியில் அவரும் விசிலடித்தார். எங்கள் எல்லோரையும்விட நன்றாகவே அடித்தார். அங்கிள் எழுந்து நின்று கைதட்டினார்.

7.30 வாக்கில் சென்னைக்காரர் எழுந்து, சாவி வந்து, படம் தொடங்கியது. ஆனால் விசிலடிக்க வாயில் காற்று இல்லை. பெயர் போடும்போது வழக்கமாகக் கூரை பிய்ந்து போகும். இங்கே ஏதோ இருமல் மருந்துக்கடை போல இருந்தது. வசனத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பலர் உதட்டை மட்டும் அசைத்தார்கள். நிஜ நீலாம்பரி வந்தபோது எங்கள் டாக்டர் அக்கா தொண்டைக்கு வெந்நீர் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

சிவாஜி வந்ததும் அங்கிள் டையை இறுக்கிக்கொண்டார். அவர் வரும் காட்சிகளில் முறுக்குக்கூடக் கடிக்கவில்லை. சிவாஜியின் பாத்திரம் முன்பாதியிலேயே இறந்துவிடும். இறந்தது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், டையைத் தளர்த்தினார், கையைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனார். இடைவேளையில்கூட நான் எழுப்பவில்லை.

தரையெல்லாம் பாப்கார்ன் கிடந்ததால் முன்பணம் போச்சு என்றுதான் நினைத்தோம். ஒன்றரை மணி நேரம் காக்கவைத்த கூச்சமோ என்னவோ, முழுசாகத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். துண்டு மட்டும் கிடைக்கவில்லை. ஏணி வைத்திருப்பவர் திங்கட்கிழமைதான் வருவாராம்.

திரும்பும் வழியில் அங்கிள் நெடுநேரம் ஏதோ யோசனையாக இருந்தார்.

"படம் நல்லா இருந்துச்சா அங்கிள்?"

"நல்லாத்தான் இருந்துச்சு, தம்பி. ஆனா அந்தப் பையன் செஞ்சு காட்டினானே, ஊஞ்சல் சீனு? அதை வெட்டிட்டாங்க."

"இல்ல அங்கிள், வந்துச்சே."

"நான் முழுசாப் பார்த்துட்டுத்தானே இருந்தேன்? வெட்டிட்டாங்க. அடுத்த தடவை வெட்டாம அனுப்பச் சொல்லு."