சில்லாலைக்குப் போனனாங்கள்

யாழ்ப்பாணத்து வேதக்காரருக்கு, அதான் எங்களைப் போல கத்தோலிக்கருக்கு, யாத்திரை எண்டா மடு மாதா கோவில், இல்லாட்டி குறிகட்டுவானில வெயிலுக்க லைன்ல நிண்டு வள்ளம் ஏறிக் கச்சதீவு. பக்கத்தில கிடக்கிற சில்லாலையைக் கன பேருக்கு ஞாபகம் வாறதில்லை. போன சனிக்கிழமை சின்னம்மாவை மோட்டார்சைக்கிளில ஏத்திக்கொண்டு மானிப்பாய், சண்டிலிப்பாய், பண்டத்தரிப்பு எண்டு போனன், அவ பின்னால இருந்து வழி முழுக்க செபமாலை சொல்லிக்கொண்டு வந்தவ, அருள்நிறை மரியேக்கு நடுவில "மெல்லப் போடா"வும் வரும்.

ஏன் சில்லாலை எண்டா யோசப் வாஸ் அடிகளார் ஒளிச்சிருந்த ஊர் அது. 2015 ஜனவரி 14ஆம் திகதி பிரான்சிஸ் பாப்பரசர் காலிமுகத்திடலில வச்சு புனிதர் ஆக்கினாரெல்லோ, அவர்தான். 1658இல ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சாப் பிறகு கத்தோலிக்கக் குருமாரைக் கலைச்சு, கோவில்களைத் தங்கட புரட்டஸ்தாந்து சபைக்கு எடுத்து, குருவுக்கு வீட்டில இடம் குடுத்தா மரண தண்டனை எண்டு வேற சட்டம் போட்டு வச்சிருந்தவை. அந்த நேரத்தில, 1687இல, கோவாவில பிராமணக் குடும்பத்தில பிறந்த இந்தச் சாமியார் கூலியாள் மாதிரி உடுத்திக்கொண்டு வந்து இறங்கி, வயித்தோட்டம் வந்து சாகக்கிடந்து எழும்பி, பிறகு கழுத்தில ஒரு செபமாலையை வெளிய தெரியப் போட்டுக்கொண்டு வீடு வீடாப் பிச்சைக்குப் போயிருக்கிறார். நீங்கள் கத்தோலிக்கரோ எண்டு வாயால கேக்க ஏலாது, மாலையில ஆற்ற கண் கொஞ்சம் கூட நேரம் நிக்குதோ அதுதான் எங்கட ஆக்களின்ர வீடு. காட்டிக்குடுக்கிறவன்ர கண்ணும் அதே மாலையிலதான் நிக்கும் எண்டு அவருக்குத் தெரியாமலோ. அப்பிடி ஒவ்வொரு வீடாக் கண்டுபிடிச்சுத்தான் சில்லாலைக்கு வந்து சேர்ந்தவர், இரவில இருட்டுக்க பூசை, விடிய ஒண்டும் நடக்காத மாதிரி.

நாங்கள் போகேக்க கோவில்ல சனம் இல்லை. ஜனவரி 16 அவற்ற திருநாள், அண்டைக்குப் போனா ஆக்கள் இருப்பினம், ஆனா எனக்கு இப்பிடி வெறுமையாக் கிடக்கேக்க போறதுதான் விருப்பம். சுருவத்தடியில ஒரு ஆச்சி நிலத்தில காலை நீட்டிக்கொண்டு இருந்தவ, கழுத்தில மாலை, மணி விழுந்த இடங்களில மீன்வலை நூலால முடிச்சுப் போட்டு வச்சிருக்கிறா. சின்னம்மா தன்ர பையுக்க இருந்து புது மாலை ஒண்டை எடுத்து நீட்ட, "வேண்டாம் பிள்ளை, இது கைக்குப் பழகிட்டுது, கண்ணும் தெரியாது, புதுசில எங்க நிக்கிறன் எண்டு எனக்குத் தெரியாமப் போடும்" எண்டா. பிறகு என்னைப் பாத்து, "மோனை எவ்விடம்?" சொன்னன். என்ர பேர், படிப்பு, வேலை எல்லாம் விசாரிச்சுத்தான் விட்டவ.

இப்ப ஓட்டோக் கண்ணாடியில மாலை தொங்குது, வானுக்குப் பின்னால வேத வசன ஸ்டிக்கர், காலமை எழும்பினா வாட்ஸ்அப்பில ஸ்டேட்டஸ். பிழை எண்டு சொல்லேல்லை, ஆனா அதுக்காக ஒருத்தனும் எங்களைப் பிடிச்சு மறியலுக்க போடப்போறதில்லை. அதே நாங்கள்தான் பேப்பரில கலியாண விளம்பரம் குடுக்கேக்க ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்) எண்டு போட்டிட்டுப் பக்கத்திலயே சாதியையும் போடுறம், அந்தப் பிராமணச் சாமியார் கூலியா வேஷம் போட்டு ஆர் போட்டதையும் வாங்கிச் சாப்பிட்ட ஊரில இருந்துகொண்டு. சின்னம்மா இதைப் பற்றி ஒரு நாளும் பிரசங்கம் வச்சதில்லை. ஊரில செத்தவீடு எண்டா எந்தப் பகுதி எண்டு பாக்காமல் போய் குசினிக்க நிண்டு தேத்தண்ணி ஊத்துவா, அங்கயே குடிப்பா, சாப்பிடுவா. அதுக்காகவே அவவோட முகம் குடுத்துக் கதையாத ஆக்கள் எங்கட சொந்தத்துக்குள்ள இன்னும் இருக்கினம்.

திரும்பேக்க சின்னம்மா மாதகல் லூர்து மாதாவட்டயும் போவம் எண்டு சொன்னா, போய்க் கடற்கரையில நிக்கேக்க கலியாணத் தரகர் போன் எடுத்தவர், தம்பிக்குப் பொம்பிளை பாக்கினம். ஸ்பீக்கரில போட்டா.

"அக்கா நீங்கள் என்ன ஆக்கள்?"

"வேதக்காரர்."

"அது தெரியும் அக்கா, வேதத்துக்குள்ள என்ன ஆக்கள் எண்டு கேக்கிறன்."

"ஞானஸ்நானம் எடுத்த ஆக்கள்" எண்டிட்டு போனை வச்சிட்டா. அந்தாள் இன்னும் திருப்பி எடுக்கேல்லை, தம்பிதான் கொஞ்சம் கவலையில இருக்கிறான்.