லூப்புக்குள்ளயே போவல

எங்கள் ஆபீஸ் காட்பாடியில். ராணிப்பேட்டையில் ஒரு டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, பில் போடும் மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறோம். அங்கே பதனிட்ட தோலை மெஷின் ஒவ்வொன்றாக அளந்து சதுர அடி சொல்லும். விலை அந்தச் சதுர அடிக்குத்தான். ஒரு தோலில் கால் அடி பிசகினாலும் லாட் முழுக்கக் கணக்கு உதைக்கும்.

டெஸ்ட் எழுத மெஷினைக் காட்பாடிக்குத் தூக்கி வர முடியுமா? அதன் இடத்தில் பைதானின் மேஜிக்மாக்கை வைத்தேன்; டெஸ்டுக்காக நிஜப் பொருள் மாதிரி நடிக்கும் போலி அது. எல்லா டெஸ்டும் பச்சை, அதாவது பாஸ்.

ஒரு சனிக்கிழமை மெஷினோடு பேசும் மென்பொருளான டிரைவரின் புதுப் பதிப்பை ஏற்றினோம். முதல் லாட்டிலேயே புரோகிராம் நின்றுவிட்டது. லோடு வண்டி வாசலில் நிற்க, பில்லைக் கையால் எழுதினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் உறுத்துகிறது. லாட்டைப் படிக்கும் ஃபங்ஷனுக்கு டிரைவரில் பெயர் மாற்றியிருந்தார்கள். என் டெஸ்ட் பழைய பெயரையே கூப்பிட்டது. மாக்குக்கு அது பொருட்டே இல்லை; எந்தப் பெயரைக் கேட்டாலும் உடனே இன்னொரு மாக்கை உண்டாக்கிக் கொடுத்துவிடும்.

அதைவிடப் பெரிய ஓட்டையை எங்கள் ஆபீஸின் குடியாத்தத்துத் தம்பி திங்கட்கிழமை கண்டுபிடித்தான். ஒவ்வொரு தோலின் அளவும் பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கும் வரி, தோல்களை ஒவ்வொன்றாக எடுத்து அதே வேலையைத் திரும்பச் செய்யும் ஒரு ஃபார் லூப்புக்குள் இருந்தது. அதில் பிரிண்ட் போட்டு ஓட்டிப் பார்த்தவன், "இன்னாண்ணா இது, லூப்புக்குள்ளயே போவல" என்றான்.

மேஜிக்மாக்கை லூப்பில் விட்டால் காலிப் பட்டியல்தான் வரும். நீளம் கேட்டால் 0. முழு எண்ணாக மாற்றினால் 1. ஒரு தோலைக்கூடப் பார்க்காத டெஸ்டை நான் மாதக்கணக்கில் நம்பியிருக்கிறேன்.

மாக்கை நிஜ டிரைவரின் வடிவத்துக்குள் கட்டிப்போடும் ஆட்டோஸ்பெக்கைப் போட்டதும் டிரைவரில் இல்லாத பெயர்களெல்லாம் எர்ரர் ஆயின. ஆனால் அது பெயரையும், ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் ஆர்கியூமென்டையும்தான் பிடிக்கும். ஃபங்ஷன் திருப்பித் தருவது அப்போதும் மேஜிக்மாக்தான், லூப் அப்போதும் காலிதான். அதனால் மூன்று தோலின் அளவுகளை நாங்களே ரிட்டர்ன் வேல்யூவாகக் கொடுத்தோம். லூப்புக்கு முன்னால் மூன்று வந்ததா என்று எண்ணச் சொன்னோம்.

பிறகு தம்பி ஒவ்வொரு டெஸ்டிலும் இருந்த ஃபங்ஷன் பெயரை வாய்விட்டுப் படிக்க, நான் டிரைவர் ஃபைலில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். முடிக்கும்போது இருட்டிவிட்டது.