வால்பாறை மழையும் பல்லடத்துக் காடும்

விவசாயத் திட்ட அறிக்கைகளில் வரும் மழைக் கணக்கைச் சரிபார்ப்பதுதான் ஆறேழு வருஷமாக என் வேலை. ஒருமுறை வந்த அறிக்கையில், கோவை மாவட்டத்தில் 2000க்குப் பிறகு மழை கூடிவருகிறது என்று ஒரு வரி, பக்கத்திலேயே மேலேறும் கோடு. அச்சுக்குப் போக இரண்டே நாள். எனக்குப் பல்லடம் பக்கம். ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டுமே வந்த காடுகளை, அதாவது விளைநிலங்களை, பார்த்து வளர்ந்தவள், அந்த வரியை அப்படியே விட மனசு வரவில்லை.

எண்களை மூலப் பதிவோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன், ஒன்றில்கூடப் பிழை இல்லை. ஆனால் கோடு 2009 பக்கத்தில் படிக்கட்டு மாதிரி சட்டென்று ஏறியது. அந்த வருஷம்தான் திருப்பூர் தனி மாவட்டமானது! பல்லடம், அவிநாசி, உடுமலை எல்லாம் அங்கே போய்விட, மழை கொட்டும் மலையூர்களான வால்பாறையும் சின்னக்கல்லாறும் கோவையிலேயே தங்கின. மலைமறைவில் இருக்கும் கோவை நகரத்துக்கு வருஷத்துக்கு 600, 700 மி.மீ. கிடைத்தாலே பெரிசு, மலைமேல் அதைப்போலப் பல மடங்கு கொட்டும். காய்ந்த ஊர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் சராசரி ஏறத்தானே செய்யும்? பழைய எல்லைக்குள் இருந்த மழைமானி நிலையங்களையே எல்லா வருஷத்துக்கும் வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டேன், படிக்கட்டு போய்விட்டது. மிஞ்சியது ஏற்ற இறக்கம்தான். அதிலும் 2016 வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க 62 சதவீதம் குறைந்த வருஷம், அந்தப் பள்ளத்திலிருந்து கோடு தொடங்கினால் எந்த ஊரிலும் மழை கூடுவதாகக் காட்டிவிடலாம். இயல்பு மழையைக் கணிக்கவே முப்பது வருஷப் பதிவாவது வேண்டும்.

சரி, ஒரு நிலையத்தையாவது ஊர்க்காரர் கணக்கோடு வைத்துப் பார்ப்போம் என்று, மழை பெய்த நாளையெல்லாம் நோட்டில் குறித்து வைத்திருக்கும் எங்கள் ஊர்ப் பெரியவரிடம் போனேன். "அம்மிணி, உங்க கணக்கு எல்லாமே ஒரு நாள் தள்ளியல்லோ இருக்குது" என்றார். அவர் தேதி தவறவில்லை. முந்தின நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்ததை அளந்து, அளந்த நாளின் பேரில்தான் பதிவில் எழுதுவார்கள். ராத்திரி மழை மறுநாள் கணக்குக்குப் போய்விடும். "அய்யா, உங்க நோட்டும் சரி, அந்தப் பதிவும் சரிங்க" என்றேன்.

அறிக்கையில் அந்த வரியை எடுக்கச் சொல்லி, நிலையம் நிலையமாகப் பட்டியல் கொடுத்தேன். பெரியவர் இப்போது தேதிக்குப் பக்கத்தில் 'ராத்திரி', 'காலைல' என்று ஒரு சொல்லும் சேர்த்து எழுதுகிறார்.