கேமோ வலையைக் கம்பில் கட்டாமல் கயிற்றில் தொங்கவிட்டால்: படமெடுக்கும் மறைவிடம் அமைத்த குறிப்புகள்

பறவைப் படம் எடுப்பதற்கான ஒற்றை ஆள் மறைவிடம் இது. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு டிரைபாட், நீள லென்ஸ் மாட்டிய கேமரா, ஒரு பை. தரையளவு முன்னால் 1.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். இதைவிடச் சுருக்கினால் முழங்கை வலையில் இடிக்கும். வலை அசைந்தால் மறைவிடம் கட்டியதே வீண்.

சாமான்கள்: 5 மீட்டருக்கு 1.5 மீட்டர் இலைவெட்டு கேமோ வலை (இலை வடிவ வெட்டுகள் கொண்ட உருமறைப்பு வலை) ஒன்று; பின்பக்கத்துக்கு 2.5 மீட்டர் துண்டு ஒன்று, 1.8 மீட்டர் வரை நீளும் அலுமினியக் கம்பு ஐந்து, 4 மி.மீ. பாலியஸ்டர் கயிறு 18 மீட்டர். பழைய சைக்கிள் ட்யூப். கூடாரத்துக்கு அடிக்கும் முளை பன்னிரண்டு. குளியலறைத் திரைக்குப் போடும் திறந்து மூடும் பிளாஸ்டிக் வளையம் முப்பத்திரண்டு. வளையம் வெள்ளை நிறத்தில் கிடைத்தால் பளபளப்பில்லாத பழுப்பு பெயின்ட் அடித்துக்கொள்ள வேண்டும். அலுமினியக் கம்புக்கும் அப்படியே. அல்லது துணி டேப்பைச் சுற்றிவிடலாம். வெயிலில் மின்னும் ஒரு கம்பு போதும், பறவை திரும்பிப் போய்விடும்.

வலையைக் கம்பில் மாட்ட வழக்கமாகச் செய்யப்படும் எல்லா முறைகளையும் முதலில் கட்டிப் பார்த்தாயிற்று. கம்பின் கவட்டை முனையில் வலையை அப்படியே தூக்கிப் போடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. இரண்டே நிமிட வேலை. ஆனால் மொத்த எடையும் ஒவ்வொரு கம்பிலும் ஒரே ஒரு கண்ணியில் இறங்குகிறது. அந்தக் கண்ணி நாளடைவில் இழுபட்டுக் கிழிகிறது. இரண்டு கம்புக்கு நடுவில் வலை தாழ்ந்து, உட்கார்ந்திருப்பவரின் தலை வெளியே தெரிகிறது. அதைச் சரிசெய்ய நடுவில் இன்னொரு கம்பு நட வேண்டியிருக்கும். அது சரியாக லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கும். போதாக்குறைக்குக் காற்று கீழிருந்து தூக்கினால் வலை கவட்டையை விட்டு எகிறிக் குதிக்கும்.

கேபிள் டை உறுதியாகப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒருமுறை இறுக்கினால் தளர்த்த முடியாது. நறுக்கிய முனை கத்தி மாதிரி நீட்டிக்கொண்டு, மடிக்கும்போது வலையின் அடுத்த மடிப்பைக் கொத்தாகப் பிடித்துக்கொள்ளும். அவிழ்க்கக் கத்திரி வைத்தால் டையோடு வலை நூலும் சேர்ந்து அறுகிறது. நறுக்கிய துண்டுகள் புல்லில் விழுந்தால் பொறுக்குவதும் கஷ்டம். துணிக்கிளிப் ஈரத்தில் வழுக்குகிறது, கழற்றும்போது டக்கென்று சத்தம் வேறு. லென்ஸ் ஓட்டையைத் தற்காலிகமாக ஒதுக்கிப் பிடிக்க இரண்டு கிளிப் பையில் கிடக்கட்டும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

இந்த எல்லா முறையிலும் இருப்பது ஒரே கோளாறு: கம்பு வலையைத் தாங்குகிறது. கம்பு கயிற்றைத்தான் தாங்க வேண்டும், கயிறு வலையைத் தாங்க வேண்டும். நான்கு மூலையைச் சுற்றி மேலே ஒரு கயிறு ஓடினால் எடை பரவலாகிறது, நடுக்கம்பு தேவையில்லை, வலையை எங்கே வேண்டுமானாலும் ஒதுக்கலாம். ஐந்தாவது கம்பு பின்பக்கக் கதவுக்குப் போகிறது.

உயரக் கணக்கு: 40 செ.மீ. ஸ்டூலில் உட்கார்ந்தால் பெரும்பாலானவர்களுக்குக் கண் மட்டம் தரையிலிருந்து 115 முதல் 120 செ.மீ. வரை வரும், உச்சந்தலை 130க்கு அருகில். வலை 1.5 மீட்டர். கீழே 15 முதல் 20 செ.மீ. தரையில் படர விட வேண்டும் என்பதால் கயிறு 1.3 மீட்டரில் போகிறது. உயரமானவர் ஸ்டூலைத்தான் தாழ்த்த வேண்டும். வலையை உயர்த்தினால் அடியில் இடைவெளி விழும். அதில் கால் அசைவது அப்பட்டமாகத் தெரியும்.

கம்பு 30 செ.மீ. மண்ணுக்குள் போக வேண்டும். அலுமினியக் கம்பின் தலையில் நேரடியாகச் சம்மட்டியால் அடித்தால் வாய் நசுங்கி, உள்கம்பு வெளியே வராது. முதலில் இரும்புக் கம்பியால் குழி போட்டு, அதே கம்பியை ஆட்டிப் பிடுங்கிவிட்டு நடுவது நல்லது. மணற்பாங்கான இடத்தில் 30 செ.மீ. பிடிக்காது, 45 வரை இறக்க வேண்டும். அப்போதும் கம்பிலிருந்து முளைக்கு இழுத்துக் கட்டும் இழுகயிறுதான் கம்பை நிறுத்தும், மண் அல்ல.

மூங்கில் கழியை வைத்தும் இதைக் கட்டலாம். விலகாமல் இருக்கக் கயிற்றுக்கு ஓட்டை போடுவதானால் கணுவுக்கு அருகில் போட வேண்டும், அதற்கு முன் அந்த இடத்தை நூலால் இறுக்கிச் சுற்றிவிட வேண்டும். நடுக்கணுவிடையில் துளைத்தால் மூங்கில் நெடுகப் பிளக்கும். 25 மி.மீ. பிவிசி பைப் இந்த உயரத்துக்கு வளைகிறது. உள்ளே ஒரு குச்சியைச் செருகினால்தான் நிற்கும், அதற்குப் பேசாமல் அந்தக் குச்சியையே நட்டுவிடலாம்.

வழவழப்பான உலோகத்தில் எந்த முடிச்சும் மெல்லக் கீழே இறங்கும். இதற்குத்தான் சைக்கிள் ட்யூப். 8 செ.மீ. துண்டு வெட்டி, நெடுக்கில் பிளந்து, கயிறு வர வேண்டிய உயரத்தில் கம்பைச் சுற்றி இழுத்துப் பிடித்து, அதன் மேல் கயிற்றை இரண்டு சுற்று சுற்றிக் குறுக்கே ஒரு பூட்டு. ரப்பர் கயிற்றைக் கடித்துக்கொள்கிறது. கயிறு ஒரே நீளமாக நான்கு கம்பையும் சுற்றி வர வேண்டும், ஒவ்வொரு கம்பிலும் தனியாகப் பூட்ட வேண்டும். அப்போதுதான் ஒரு பக்கம் தளர்ந்தால் மற்ற பக்கம் இழுபடாது. கடைசி முனையில் உருவாஞ்சுருக்கு போட்டுவிட்டால் ஒரே இழுப்பில் அவிழும். ஈரத்தில் நகத்தால் பிறாண்ட வேண்டியதில்லை.

நைலான் கயிறு வேண்டாம். ஈரம் ஏறினால் அது நீளும். அதிகாலையில் பனியில் கட்டிய வலை, ஆள் உட்கார்ந்து கேமராவைத் திருப்புவதற்குள் ஒரு சாண் தொங்கியிருக்கும். பாலியஸ்டர் ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது.

அடுத்தது தொய்வு. கயிற்றைக் கம்பி மாதிரி நேராக இழுக்கத்தான் கை துடிக்கும், ஆனால் அங்கேதான் எல்லாம் சாய்கிறது. முன்பக்க 1.5 மீட்டரில் அரை கிலோ வலை தொங்குவதாக வைத்துக்கொள்வோம். நடுவில் 5 செ.மீ. தொய்வு விட்டால் கயிற்றின் இழுவை கிட்டத்தட்ட 2 கிலோ. தொய்வை 2.5 செ.மீ. ஆகக் குறைத்தால் அது 4 கிலோ ஆகிறது. தொய்வைப் பாதியாக்கினால் இழுவை இரட்டிப்பாகும். தொய்வே இல்லாமல் செய்ய எந்தக் கயிற்றாலும் முடியாது. மழையில் வலை நனைந்து எடை கூடினால் அந்த 4 எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே 5 செ.மீ. தொய்வை ஒப்புக்கொண்டு, கம்பில் கயிற்றை 1.35 மீட்டருக்கு ஏற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

மூலைக் கம்பை இரண்டு கயிறு செங்கோணத்தில் இழுக்கின்றன. பக்கத்துக்கு 2 கிலோ என்றால் உள்நோக்கிய மொத்த இழுவை சுமார் 2.8 கிலோ. கம்பைச் செங்குத்தாக நட்டால் சிறிது நேரத்தில் உள்ளே தலையாட்டும். நடும்போதே 5 முதல் 10 டிகிரி வெளியே சாய்த்து நட்டு, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக மூலைவிட்டத் திசையில் இழுகயிறு கட்டி, கம்பின் அடியிலிருந்து சுமார் 1.3 மீட்டர் தள்ளி முளை அடிக்க வேண்டும். அப்போது இழுகயிறு ஏறக்குறைய 45 டிகிரியில் நிற்கும். இதில் ஒரு பக்கவிளைவு உண்டு: இழுகயிறு கம்பைக் கீழ்நோக்கியும் அழுத்துகிறது. திருகிப் பூட்டும் கம்பு அந்த அழுத்தத்தில் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். நான்கில் ஒன்று மட்டும் குட்டையாகிவிட்டால் ஏன் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், பூட்டைத்தான் பார்க்க வேண்டும். உள்கம்பு வெளியே வரும் இடத்தில் ட்யூப் ரப்பரைத் தடியாகச் சுற்றிக் கட்டினால் இறங்காது.

கட்டும் வரிசையும் முக்கியம். முன்மூலை இரண்டும் இழுகயிறோடு நின்ற பிறகே பின்மூலைகளுக்குப் போக வேண்டும். வலை கடைசியில். வலையை மாட்டிவிட்டுக் கயிற்றை இறுக்குவது, இலைக்குள் கைவிட்டு முடிச்சைத் தேடும் வேலையாக முடியும்.

இனி வலை. அதன் மேல்விளிம்பில் 25 செ.மீ.க்கு ஒரு வளையம். ஒரு கண்ணியில் மட்டும் கோத்தால் கிழியும். விளிம்பில் நாடா தைத்திருந்தால் நாடாவையும் சேர்த்து, இல்லையென்றால் பக்கத்துப் பக்கத்தில் உள்ள மூன்று கண்ணிகளைச் சேர்த்துக் கோக்க வேண்டும். 5 மீட்டர் வலைக்கு 21 வளையம். முன்னும் இரு பக்கமும் சேர்ந்த 3.9 மீட்டர் கயிற்றில் இவற்றைப் பரப்பினால் வளையத்துக்கு வளையம் ஏறக்குறைய 20 செ.மீ. வரும். மீதி நீளம் மடிப்பாக விழும். இந்த மடிப்பு வேண்டும். வலையை விறைப்பாக இழுத்துக் கட்டினால் இலைவெட்டுகள் மல்லாந்து தட்டையாகி, பின்னால் இருப்பது எல்லாம் தெரியும்; காற்றுக்கும் முழுப் பரப்பும் ஒரே பலகையாக எதிர்த்து நிற்கும். மடிப்போடு தொங்கினால் ஒரு மடிப்பு அசைந்தாலும் அடுத்தது அசையாது.

கதவுக் கம்பில் மட்டும் வளையம் இல்லை. பின்பக்கத் துண்டின் ஓர் ஓரத்தை 15 செ.மீ.க்கு ஒரு கண்ணி வீதம் கம்பில் மேலிருந்து கீழாக உள்ளேயும் வெளியேயும் கோத்துவிட வேண்டும். கம்பைப் பிடுங்கி ஒதுக்கினால் வழி, திரும்ப நட்டால் கதவு. பெரிய வலையின் மேல் 40 செ.மீ. படியும்படி வைத்தால் இடுக்கில் வெளிச்சம் விழாது.

லென்ஸுக்கு வலையை வெட்ட வேண்டாம். 3 மி.மீ. எலாஸ்டிக் கயிற்றைக் கண்ணிகள் வழியாக ஒரு நீள்வட்டமாகக் கோத்து, முனையில் அழுத்திப் பூட்டும் பிளாஸ்டிக் கட்டையைப் போட்டால் போதும். அகலம் 25, உயரம் 15 செ.மீ. திறக்கும், வேண்டாதபோது சுருங்கும். லென்ஸ் ஹூட் (லென்ஸின் முன்முனையில் மாட்டும் ஒளித்தடுப்புக் குழல்) வலைக்கு வெளியே 2 முதல் 3 செ.மீ. நீட்டியிருக்க வேண்டும். உள்ளேயே இருந்தால் ஓர் இலைவெட்டு குறுக்கே வந்து நிற்கும். அது படத்தில் இலையாகத் தெரியாது, ஒரு பக்கம் மட்டும் மங்கலாக, பால் கலந்ததுபோல வெளுத்திருக்கும். லென்ஸில் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். அதே நேரம் வலை ஹூட்டின் மேல் சாய்ந்து கிடக்கவும் கூடாது. 600 மி.மீ. லென்ஸில் வலையின் ஒரு தட்டல் போதும், கூர்மை போய்விடும். ஓட்டைக்கும் ஹூட்டுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டு, மெல்லிய பழுப்புத் துணிக் குழாயால் அதை மூடலாம்.

எல்லாம் கட்டியபின் 10 மீட்டர் தள்ளி நின்று ஒருவர் பார்க்க, உள்ளே இருப்பவர் கையை அசைக்க வேண்டும். அசைவு தெரிந்தால் பெரும்பாலும் வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது என்று அர்த்தம். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் ஒற்றை வலை நிழலாட்டத் திரைதான். முன்னால் இன்னொரு வலை போடுவதைவிடப் பின்கயிற்றில் அடர்நிறத் துணி ஒன்றைத் தொங்கவிட்டால் உள்ளே இருள் சேரும். வலையைவிட அந்த இருள்தான் ஆளை மறைக்கும்.

கீழே படரும் 15 செ.மீ. வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும். அதன்மேல் அங்கேயே உதிர்ந்து கிடக்கும் சுள்ளி, சருகு. பச்சைக்கொம்பு வெட்டிச் செருகுவது வீண் வேலை, ஒரே நாளில் வாடி நிறம் மாறி, சுற்றுப்புறத்தோடு ஒட்டாமல் தனித்துத் தெரியும். இந்த அடிவிளிம்பைக் கட்டிவிட்டு இரவில் விட்டுப் போகக் கூடாது. நுண்ணிய கண்ணியில் பாம்பு நுழைந்தால் செதில் மாட்டிப் பின்வாங்க முடியாமல் சிக்கிக்கொள்ளும். பறவைகள் பழக வேண்டுமென்று மறைவிடத்தை அப்படியே விடுவதானால் வலையை அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். கூடு இருக்கும் இடத்துக்கு அருகே இதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

துவைப்பது பற்றி ஒரு விஷயம். பல சலவைத் தூளில் வெண்மை கூட்டும் பொருள் இருக்கிறது. அது புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்பும். பல பறவைகளுக்குப் புற ஊதாவும் கண்ணுக்குத் தெரியும். சேற்றைக் காயவைத்துத் தட்டிவிட்டு வெறும் தண்ணீரில் அலசினால் போதும்.

கழற்றும்போது வளையங்களைக் கயிற்றிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும், வலையிலேயே இருக்கட்டும். வலையைத் தரையில் போட்டால் முள்ளும் விதையும் ஏறிவிடும், ஒரு தார்ப்பாய் விரித்துக்கொள்வது நல்லது. கதவுக் கம்பில் கோத்த துண்டு அந்தக் கம்பிலேயே சுருளும். பெரிய வலையையும் அதன் மேலேயே சுருட்டலாம், வளையமெல்லாம் ஒரே முனைக்கு வரும்படி. முன்மூலையில் முதலில் மாட்ட வேண்டிய ஓரம் சுருளின் வெளிப்பக்கம் முடிய வேண்டும். மிச்சமிருக்கும் ட்யூபில் மூன்று வளையம் வெட்டி மேலே, நடுவே, கீழே போட்டுவிட்டால் சுருள் அவிழாது.