வாட்டை விடாமல் படித்த நேர்சிங் பட்டம்

இலங்கையில் அரச வைத்தியசாலை நேர்ஸ்மார் பெரும்பாலும் சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா முடித்தவர்கள். நானும் அப்படித்தான் மட்டக்களப்பில் வேலைக்கு வந்தேன். பட்டம் படிக்க ஆசை இருந்தது, வேலையை விட வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. திறந்த பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. நேர்சிங்தான் எனக்குக் கிடைத்த வழி.

அந்த வழி கனடாவின் உதவியால் வந்தது. 1994இல் இந்தப் பட்டப்படிப்பு தொடங்கியபோது பணம் தந்தது கனடா அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான சீடா. துணைக்கு நின்றது அல்பேர்ட்டா மாகாணத்தின் அதபாஸ்கா பல்கலைக்கழகம். தாதியர் கல்விக்கு வெளிநாட்டு உதவி எங்களுக்குப் புதிதல்ல. 1939இல் கொழும்பில் முதல் தாதியர் கல்லூரி வந்ததே ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடுதான். ஆனால் அதபாஸ்கா தொலைக்கல்விக்கென்றே இருக்கிற பல்கலைக்கழகம். ஆள் பற்றாக்குறையுள்ள நாட்டில் ஒரு நேர்ஸை வருடக்கணக்கில் வாட்டிலிருந்து எடுத்தால் நோயாளிகள்தான் கஷ்டப்படுவார்கள். வேலையில் இருப்பவரை வேலையில் வைத்தே படிப்பிக்கிற முறையைக் கொண்டுவந்தார்களே, அதைத்தான் நான் பெரிய உதவி என்பேன்.

படிப்பு முழுக்க ஆங்கிலம். நைட் டியூட்டி முடித்து வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் கண் சொருகும். கொழும்பில் வகுப்பென்றால் இரவு பஸ்ஸில் போய், அடுத்த இரவே திரும்புவேன். டியூட்டி றோஸ்டரில் ஆள் மாற்றித் தந்த, எங்கள் வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர், "நீ போயிட்டு வா மகள், வாட்டை நான் பாக்கிறன்" என்பார். அவர் இல்லாவிட்டால் நான் பாதியிலேயே நின்றிருப்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தது உடல் பரிசோதனைப் பாடம். இடது கை நடுவிரலை நெஞ்சில் அழுத்தி வைத்து, அதன் மேல் வலது கை நடுவிரல் நுனியால் தட்ட வேண்டும். காற்றுள்ள நுரையீரல் கணீரென்று ஒலிக்கும்; நீர் கட்டியிருந்தால் சத்தம் மங்கிவிடும். வீட்டில் எல்லோருடைய முதுகிலும் தட்டிப் பழகினேன். அப்புறம் ஒருநாள் வாட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஓர் ஐயாவை உட்காரவைத்துத் தட்டினேன். "என்ன மிஸ், டொக்டர் மாதிரித் தட்டிப் பாக்கிறீங்க?" என்றார். வலப்பக்கம் கீழே சத்தம் மங்கலாக இருந்தது. ஸ்டெதஸ்கோப்பில் மூச்சொலியும் குறைவு. உடனே டொக்டரிடம் சொன்னேன். எக்ஸ்ரேயில் நீர் தெரிந்தது. அதற்கு முன்பென்றால் மூச்சு எண்ணிக்கையைச் சார்ட்டில் குறித்துவிட்டு டொக்டர் ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருப்பேன்.

ஆராய்ச்சிப் பாடம் கடினம். புள்ளிவிவரக் கணக்கை யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி போனிலேயே சொல்லித் தந்தாள். சரி, அதுவும் முடிந்தது.

விண்ணப்பிக்க நினைக்கும் தங்கைமாருக்கும் தம்பிமாருக்கும் இரண்டு விஷயம். ஒப்படைகளையும் இடைத் தேர்வுகளையும் பிந்தவிடாதீர்கள். அவற்றில் போதிய புள்ளி இல்லையென்றால் இறுதிப் பரீட்சைக்கே இருக்க முடியாது. வகுப்புத் திகதிகள் கைக்கு வந்ததும் முதலில் உங்கள் வாட் சிஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்த மாத றோஸ்டர் போடுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.